எதிர்மூலையில் மாஸ்டர்

குத்துச்சண்டையில் என் எடைப்பிரிவை எடுத்துவிட்டார்கள் என்று மாஸ்டர் சொன்னபோது நான் ஸ்கிப்பிங் கயிற்றில் குதித்துக்கொண்டிருந்தேன். நில் என்று அவர் சொல்லவில்லை. குதித்துக்கொண்டிருப்பவளிடமே சொன்னார்.

“நாப்பத்தெட்டு கிலோவுக்கு ஆள் சேரலையாம். இனிமே அம்பத்துநாலுதான் இருக்கறதுலயே சின்னது.”

“அப்ப நான்?”

“நீ பேட் பிடி. புதுசா வந்திருக்காளே, அவளுக்கு. உன் அனுபவம் அவளுக்கு உதவும்ல.”

பேட் என்பது கைகளில் மாட்டிக்கொண்டு அடுத்தவர் குத்தை வாங்குகிற தோல் மெத்தை. இத்தனை வருடம் குத்தியவளை இனிமேல் வாங்கிக்கொள் என்கிறார். அதுவும் ஏதோ பதவி உயர்வு கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தால் வாய் திறக்காது, கை ஓடும். கயிறு இன்னும் வேகமாகச் சுற்றியது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒப்புக்கொண்டேன் என்று நினைத்திருப்பார்.

இந்த வருடப் போட்டியில் ஜெயிப்பவள் தேசிய முகாமுக்குப் போவாள். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே இதை விட்டால் எனக்குப் போட்டி கிடையாது, பேட்தான். மறுநாள் போய் நானும் ஐம்பத்துநாலில் இறங்குகிறேன் என்றேன்.

“போய் பீரோ மேல முட்டிக்கப் போறியா?” என்று சிரித்தார்.

புதிதாக வந்தவளைத்தான் அப்படிச் சொன்னார். அவளுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அகலமான தோள், எங்கே அடித்தாலும் அசையாத உடம்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத முகம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நல்ல பெண் என்பதுதான் இதில் பெரிய தொந்தரவு. என்னைப் பார்த்தால் “அக்கா, தண்ணி வேணுமா?” என்பாள். வெறுக்கலாம் என்று உட்கார்ந்தால் அதற்கு ஒரு பிடி கொடுக்க வேண்டாமா?

“நான் அவ மூலையிலதான் நிப்பேன்” என்றார் மாஸ்டர். “ஒரே ஆள் ரெண்டு மூலையில நிக்க முடியாதில்ல.”

“தெரியும் மாஸ்டர்.”

கொஞ்சம் தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பேச்சுக்காவது தாடையைச் சொறிந்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் மணல் மூட்டையின் சங்கிலியைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார். என் முகத்தை அவருக்குக் காட்டக் கூடாது என்று குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

மாஸ்டர் தட்டும் சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

சண்டை நடக்கும்போது மூலையில் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நடுவர் எச்சரிப்பார், மீறினால் வெளியே அனுப்பிவிடுவார். மாஸ்டருக்கோ சும்மா நிற்க வராது. அவர் விரலில் ஓர் இரும்பு மோதிரம் உண்டு. அதை வைத்து ரிங்கின் மூலைக் கம்பத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடது கையை நீட்டிக் குத்து. இரண்டு தட்டு என்றால் விலாவில் கொடு. மோதிரத்தைக் கம்பத்தில் சர்ரென்று இழுத்தால் பின்னால் வா. பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு மனிதர் பதற்றத்தில் கம்பத்தைத் தட்டுகிறார் என்றுதான் தோன்றும்.

சண்டை முடிந்ததும் மூன்று தட்டு. அது ரிங்கில் இல்லை, உடை மாற்றும் அறையில், பெஞ்சுப் பலகையில். ‘கையை நீட்டு, கிளவுஸைக் கழற்றலாம்’ என்று அர்த்தம். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த மூன்று தட்டு உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டே கைகளை நீட்டுவேன். அவர் டேப்பைப் பிய்த்து, கயிற்றைத் தளர்த்தி, விரல் விரலாக உருவி எடுப்பார். பேச்சே இருக்காது. என் வாழ்க்கையில் என்னை ஒருவர் பார்த்துக்கொண்ட நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் என் காதுக்குப் போவதையே நிறுத்திவிட்டது. நேராகத் தோளுக்குப் போனது.

ஐம்பத்துநாலில் இறங்க ஐம்பது கிலோவாவது இருக்க வேண்டும். எடை ஏற்றுவது சுகமான வேலை என்று நினைப்பவர்கள் பட்டினி கிடந்து எடை குறைத்துப் பழகாதவர்கள். நான் சாப்பாட்டை எதிரியாகப் பார்த்து வளர்ந்தவள். போட்டிக்கு முன்னால் எச்சிலைக் கூட விழுங்காமல் துப்பியிருக்கிறேன். இப்போது திடீரென்று தின்னு தின்னு என்றால் வயிறு நம்ப மறுத்தது. காலையில் முட்டை, வேலைக்கு நடுவே வாழைப்பழம், மாலையில் ஒரு பெரிய பாத்திரம் பால். என் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. நாற்காலியைத் திருப்பிப் போடலாம்தான். திருப்பினால் கட்டிலைப் பார்க்க வேண்டும். அதற்குச் சுவரே மேல்.

பசியோடு இருந்தவரை தனியாக இருப்பது உறைக்கவில்லை. பட்டினி கிடப்பவள் தனியாகத்தானே கிடக்க வேண்டும்? சாப்பிடத் தொடங்கியபோதுதான் எதிரே ஆள் இல்லை என்பது தெரிந்தது. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

சாப்பிடும்போது கைப்பேசியைப் பால் பாத்திரத்தில் சாய்த்து வைத்துப் பழைய சண்டைகளைப் பார்ப்பேன். சிறிய உடம்புக்காரர்கள் பெரிய எடைக்குப் போய் ஜெயித்த சண்டைகள் மட்டும். அப்படி உலகத்தில் நிறைய நடந்திருக்கிறது. ஓர் ஆள் எதிராளியின் மார்புயரம்தான் இருந்தான். ஆனால் எதிராளியின் குத்து விழும் இடத்தில் இவன் ஒரு முறைகூட இல்லை. இன்னொரு பெண் வாங்கிக்கொண்டே போனாள், வாங்கிக்கொண்டே போனாள், கடைசிச் சுற்றில் மற்றவளுக்குக் கை ஓய்ந்தபோது இவள் அப்போதுதான் வந்தவள்போல ஆரம்பித்தாள். முடிந்ததும் கூட்டம் ரிங்குக்குள் குதிக்கும், சின்னவரைத் தோளில் தூக்கும். வீடியோ அங்கே நின்றுவிடும். அதற்குப் பிறகு யார் அவர்கள் கிளவுஸைக் கழற்றினார்கள் என்று யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. எனக்கு அதுதான் பார்க்க வேண்டியிருந்தது.

என் வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்ததைச் சூட்டு உருளைக்குள் நான் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இஸ்திரியாகி வருவதை ஓர் அம்மாள் வாங்கி மடிப்பார். நடுவில் உருளை, உருளைக்கு மேலே ஆவி. நான் அவர் கைகளைத்தான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கைகளைப் பார்த்து, அட நம் ஆள் என்று தெரிந்து சிரித்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. சங்கடமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா என் தம்பி வீட்டில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா. இப்ப நிறைய சாப்பிடறேன்.”

“பொய் சொல்லாத. எலும்பும் தோலுமா இருப்ப.”

“இல்லம்மா, நிஜமாவே. எடை ஏத்தணும் எனக்கு.”

அம்மா குரலைத் தாழ்த்தி, “யாராவது பொண்ணு பாக்க வராங்களா?” என்றாள். நான் ஏன் எடை ஏற்றுகிறேன் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் அது. சிரிப்பு வந்தது. சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

மூலையில் நிற்க ஆள் இல்லாவிட்டால் ரிங்கில் ஏற விடமாட்டார்கள். ஒரு ஸ்டூலும் ஒரு வாளியும் ஒரு மனிதரும் வேண்டும். முதல் இரண்டையும் வாடகைக்கு எடுக்கலாம். பயிற்சிக் கூடத்தில் மாஸ்டரை மீறி எனக்கு நிற்க யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கும் ஆவி அண்ணனிடம் கேட்டேன். பாய்லர் ஆவியைப் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பதாலும் என்பார்கள்.

“நான் என்ன செய்யணும்?”

“மணி அடிச்சதும் ஸ்டூலைப் போடணும். தண்ணி கொடுக்கணும். அடுத்த மணிக்கு ஸ்டூலை எடுத்துடணும்.”

“எடுக்காட்டி?”

“நான் தடுக்கி விழுவேன்.”

“அப்ப எடுத்துடலாம்” என்றார் யோசித்து. “யாராவது உன்னை அடிச்சா நான் உள்ள வரலாமா?”

“அடிக்கத்தான் அண்ணே போறாங்க. வரக்கூடாது.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மாலை ஷிப்டுக்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாய்லரைத் தனியாக விட முடியாது.

போட்டியன்று காலை எடை பார்க்கும் அறையில் எனக்குக் கேவலமாகப் போயிற்று. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வழக்கம்போலத் தோடு, கிளிப், சாக்ஸ் என்று கழற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் கழற்றினேன். மூச்சையும் வெளியே விட்டுவிட்டு, மிதித்தால் வலிக்குமோ என்பதுபோல மெல்ல ஏறி நின்றேன். எடை பார்த்த அம்மாள் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அம்பதுக்குக் கீழ இருந்தா இந்தப் பிரிவுல விடமாட்டோம். நீ ஒரு சிட்டிகை குறையறியே.”

அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு வந்திருக்கிறேன். மாதக்கணக்கில் தின்று ஏற்றியதை, போட்டி என்றதும் உடம்பு தன் பழைய வழியில் இறக்கி வைத்துவிட்டது. ஏற்றத்தான் வந்தாய் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் இருந்திருந்தால் தலையில் ஒன்று வைத்திருப்பார்.

“நேரம் இருக்கு, போய்க் குடிச்சிட்டு வா” என்றார் அந்த அம்மாள்.

தாழ்வாரக் குழாயடியில் நின்று குடித்தேன். வயிறு முட்ட, மூக்கில் ஏறக் குடித்தேன். பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டுத் திரும்பினால் பீரோ. கையில் இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தாள்.

“அக்கா, இதையும் சாப்பிடுங்க. நான் முடிச்சிட்டேன், எனக்கு வேண்டாம்.”

வாங்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை வாங்கிவிட்டது. மறுபடி ஏறினபோது தோடு, கிளிப், சாக்ஸ் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினேன். முள் ஐம்பதைத் தொட்டு நின்றது.

எங்கள் பிரிவில் வந்திருந்தவர்கள் நான்கே பேர். எனக்கு முதல் சண்டையில் வரவேண்டியவளுக்குக் காய்ச்சல். ஆகவே ஒரு குத்துகூட விடாமல் இறுதிச் சண்டைக்கு வந்துவிட்டேன். பீரோ தன் ஆளை முதல் சுற்றிலேயே உட்கார வைத்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஆவி அண்ணன் வாளியைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, இது கட்டாயமா?” என்று மட்டும் கேட்டார்.

போட்டி நடத்துபவர்களில் ஒருவர் எனக்குக் கிளவுஸை மாட்டி, முடிச்சுப் போட்டு, டேப் சுற்றினார். ரிங்கில் ஏறினேன். எதிர்மூலையில் மாஸ்டர். நீலத் துண்டு தோளில், வலது கை கம்பத்தின் மேல். நான் பார்த்தேன், அவர் பீரோவின் ஹெட்கார்ட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இந்தக் கோணத்திலிருந்து அவரை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தவர். முன்னால் பார்த்தால் கிழவராக இருந்தார். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது.

மணி அடித்தது.

முதல் சுற்றில் நடந்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. கம்பத்தில் இரண்டு தட்டு விழுந்தது. பீரோ என் விலாவுக்குக் கையை வீசினாள். அதே நொடியில் நானும் அவள் விலாவுக்கு வீசினேன். நான் நினைத்து வீசவில்லை. தட்டு விழுந்தது, தோள் போயிற்று. என் குத்து சுவரில் அடித்ததுபோலப் பட்டுத் திரும்பியது. அவளுடையது உள்ளே இறங்கி, காலையில் குடித்த தண்ணீரை எல்லாம் குலுக்கியது. எனக்கு மூச்சு நின்று வந்தது.

ஒரு தட்டு. இரண்டு பேரும் இடது கையை நீட்டினோம். அவள் கை நீளம். என் மூக்கில் பட்டது. என் கை காற்றில் நின்றது.

பிறகு மோதிரம் சர்ரென்று இழுபட்டது. பீரோ பின்னால் போனாள். நானும் பின்னால் போனேன். நடுவில் ரிங் காலியாகக் கிடக்க, ஆளுக்கொரு பக்கம் நின்று ஒருவரையொருவர் முழித்துப் பார்த்தோம். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. நடுவர் எங்கள் இருவரையும் பார்த்து, என்ன விளையாடுகிறீர்களா என்பதுபோலக் கையால் சைகை காட்டினார்.

அப்போது எனக்குப் புரிந்தது. என் உடம்பு யாருக்கு வேலை செய்கிறது என்று தெரிந்தது. அவர் என்னைக் கைவிட்டு மாதக்கணக்காகிறது, இது இன்னும் அவர் சொன்னபடி ஆடுகிறது. எனக்கு என்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மணி. ஆவி அண்ணன் ஸ்டூலைத் திருப்பிப் போட்டார், கால் மேலே பார்க்க. நான் நின்றேன். அவர் ஸ்டூலைச் சரிசெய்துவிட்டு, தண்ணீரை வாயில் கொடுப்பதற்குப் பதில் தலையில் கொட்டினார்.

“நீ ஏன் அவ செய்யறதையே செய்யற? கண்ணாடி பாக்கற மாதிரி இருக்கு!”

“தெரியுது அண்ணே.”

“அவ அடிச்சா நீ நகந்துக்கோயேன்.” இது ஒரு பெரிய யுக்தி என்பதுபோலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வலிக்குதா?” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. எந்தச் சண்டையிலும் மாஸ்டர் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் இத்தனை வருடம் ஆடியிருக்கமாட்டேன். “வலிக்குது” என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்தேன். ஸ்டூலை எடுக்க மறந்துபோனார். நானே காலால் வெளியே தள்ளினேன்.

இரண்டாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு தோளை நிறுத்தினேன். இரண்டு தட்டு விழுந்தது. என் கை துடித்தது, விடவில்லை. விலாவுக்கு வீசுகிறவளின் முழங்கை இறங்கும், முகம் திறக்கும். இதே தவறை என்னிடம் திருத்த மாஸ்டர் எவ்வளவு கத்தியிருக்கிறார்! பீரோவிடம் இன்னும் திருத்தவில்லை. அவள் கை கிளம்பும் முன்பே நான் உள்ளே போய் வலது கையை நேராகக் கொடுத்தேன். அவள் தலை பின்னால் போனது.

ஒரு தட்டு. நான் ஏற்கெனவே பக்கவாட்டில் இருந்தேன். அவள் கை என் தோளுக்கு மேலே போயிற்று. கீழேயிருந்து இரண்டு கொடுத்தேன்.

சர்ர். பின்னால் வருகிறாள் என்று தெரியும், எவ்வளவு வருவாள் என்றும் தெரியும். ஏனென்றால் அந்த இரண்டு எட்டையும் எனக்கும் அவரேதான் சொல்லிக்கொடுத்தார். அவள் போகும் இடத்துக்கு அவளுக்கு முன்னால் என் கை போயிருந்தது. அரங்கத்தில் இப்போது சிரிப்பு இல்லை. குட்டைப் பொண்ணு, குட்டைப் பொண்ணு என்று யாரோ கத்தினார்கள்.

தான் தட்டுவது எனக்கும் கேட்கும் என்பது மாஸ்டருக்கு உறைக்கவில்லை. எனக்குப் பிளாஸ்டிக் சட்டை எப்படியோ, அவருக்கு மோதிரம் அப்படி. அவருடைய கை அவரைக் கேட்டுக்கொண்டு தட்டுவதில்லை. அந்தச் சுற்று முழுவதும் அவர் பீரோவுக்குச் சொல்ல, நான் கேட்டேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குத்துகள் படுவதால் மட்டும் இல்லை. அந்தச் சத்தம் பழையபடி எனக்காகவே வருகிறது என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. யாருக்கு வந்தால் என்ன, என்னிடம்தானே வந்து சேர்கிறது என்று நினைத்தேன்.

சுற்று முடிகிற நேரத்தில் தட்டு விழுந்ததும் நான் நகர்ந்தேன். பீரோ நகர்வதற்கு முன்னாலேயே. மாஸ்டரின் தலை நிமிர்ந்தது. அன்று முதன்முறையாக அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்தபோது அவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அமைதி. அரங்கத்தில் கூச்சல் இருந்தது, ஆனாலும் எனக்கு அமைதி. பீரோ ஒரு கணம் மூலைப் பக்கம் காதைக் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். இரண்டு பேரும் அதே சத்தத்துக்குக் காத்திருந்தோம், அது வரவில்லை. எனக்கு ரிங் திடீரென்று பெரிதாகிவிட்டது. யாருமில்லாத வீட்டில் கதவைத் திறந்து உள்ளே போகும்போது ஒரு குளிர்ச்சி வருமே, அது வயிற்றில் இறங்கியது.

பீரோ பயந்துபோனாள். அவளுக்குத் தட்டு இல்லாமல் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு இல்லாத ஒன்று எனக்கு இருந்தது. சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட பழக்கம் இருந்தது. யாரும் சொல்லாமல் எழுந்து, யாரும் கேட்காமல் ஓடி, யாரிடமும் சொல்லாமல் படுத்த பழக்கம். சண்டையில் இறங்கினேன்.

அவள் எடை அவளிடமே இருந்தது. ஒருமுறை கயிற்றோடு என்னைச் சேர்த்து நசுக்கினாள். பக்கவாட்டில் விழுந்த ஒரு குத்தில் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று பறந்தது. அப்படியே உட்கார்ந்துவிடத்தான் இருந்தேன். உட்கார்ந்தால் பேட் பிடிக்க வேண்டும் என்று நினைவு வந்தது. அவள் என் காதோடு, “அக்கா, சாரி” என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டு. “சாரி கேக்காத, அடி!” என்று நான் கத்த, நடுவர் என்னை எச்சரித்தார். பிறகு என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. அவள் கை தூக்குவதற்குள் உள்ளே போனேன், போட்டேன், வெளியே வந்தேன். மறுபடி போனேன். சத்தம் எதற்கும் காத்திருக்கவில்லை. கடைசி மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. நடுவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்.

என் கையைத்தான் தூக்கினார்கள்.

தோளில் தூக்க யாரும் வரவில்லை. ஆவி அண்ணன் மட்டும் கயிற்றுக்கு அப்பாலிருந்து, ஏதோ பாய்லர் வெடிக்காமல் தப்பியதுபோல நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கப்படி எதிர்மூலைக்குப் போய் வணக்கம் சொன்னேன். மாஸ்டர் என் ஹெட்கார்டின் மேல் லேசாகக் கை வைத்தார். “வலது கை நல்லா வந்துச்சு” என்றார். எல்லா எதிராளிகளிடமும் அவர் இப்படி ஏதாவது ஒன்று சொல்வார். பிறகு பீரோவின் தோளில் நீலத் துண்டைப் போட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

உடை மாற்றும் அறைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார் ஆவி அண்ணன்.

“ஷிப்டு ஆரம்பிச்சிடும்மா. நான் கிளம்பட்டா? முகாம்னாங்களே, அதுக்குப் போனா திரும்பி வருவதானே?”

“வருவேன் அண்ணே.”

“உருளைக்கு வேற ஆள் போட்டுடுவாங்க. நான் சொல்லி வைக்கறேன்.” வாளியையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டார். கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனார். அது அவருடைய மரியாதை.

அவர் போன பிறகுதான் பார்த்தேன், கைகளில் கிளவுஸ் அப்படியே இருந்தது. இதைக் கழற்ற வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவரிடம் ஸ்டூலைப் பற்றிச் சொன்னேன், தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. இது தானாக நடக்கும் ஒன்று என்று நினைத்திருந்திருக்கிறேன். மணிக்கட்டில் கயிறு, கயிற்றின் மேல் முடிச்சு, முடிச்சின் மேல் சுற்றிச் சுற்றி டேப்.

தாகமாக இருந்தது. பாட்டிலை இரண்டு கைகளுக்கும் நடுவே பிடித்தேன், மூடியைத் திறக்க முடியவில்லை. கதவின் கைப்பிடி உருண்டையானது, வழுக்கியது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பையின் மேலிருந்த கைப்பேசி ஒலித்தது. திரையில் ‘அம்மா’. கிளவுஸால் தடவினேன், திரை என்னை மதிக்கவில்லை. குனிந்து மூக்கால் தள்ளினேன். அடிபட்ட மூக்கு, உயிர் போயிற்று. ஆனால் எடுத்துவிட்டது.

“சாப்பிட்டியா?”

“அம்மா, ஜெயிச்சிட்டேன்மா.”

“என்ன?”

“சண்டையில. பெரிய எடையில ஜெயிச்சிட்டேன். முகாமுக்குப் போறேன்.”

“அப்படியா? நல்லது, நல்லது. அடி கிடி படலியே?” கொஞ்சம் நிறுத்தி, “பக்கத்துல யாரு இருக்கா?” என்றாள்.

“எல்லாரும் இருக்காங்கம்மா.”

“சரி, சரி. அவங்களோட பேசு. அப்புறம் கூப்பிடறேன்” என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

அறை அமைதியாக இருந்தது. நான் ஜெயித்திருக்கிறேன் என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என்னைவிடப் பெரியவளை, யாருமில்லாமல், தட்டு இல்லாமல் ஜெயித்திருக்கிறேன். நெஞ்சு நிறையத்தான் செய்தது. நிறைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

டொக், டொக், டொக்.

என் இரண்டு கைகளும் எழுந்து முன்னால் நீண்டன. கண்ணைத் திறக்கவில்லை. வந்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் வந்தவர்தானே! கோபம், வைராக்கியம் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. குழந்தைபோலக் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டேப் கிழிகிற சத்தம் கேட்டது. என் மணிக்கட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பீரோ மூக்கை உறிஞ்சினாள். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசமாட்டார். கயிறு துளை துளையாக உருவப்படுவது எனக்குக் கேட்டது.

அவளுடைய இரண்டாவது கிளவுஸும் கழற்றப்படும்வரை நான் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வலது கையை வாயருகே கொண்டுவந்து, டேப்பின் நுனி எங்கே இருக்கிறதென்று பல்லால் தேட ஆரம்பித்தேன்.